குடல் சுத்திகரிப்பும் ஆவியாகும் சேர்மச் சோதனையும்: மாதிரி எடுப்போருக்கான முழுமையான வழிகாட்டி

பெருங்குடல் புற்றுநோய், குடல் அழற்சி போன்ற நோய்களை மூச்சுக்காற்றிலும் சிறுநீரிலும் மலத்திலும் இருக்கும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களைக் கொண்டு கண்டறிய முயலும் ஆய்வுகளில், மாதிரி எடுக்கப் புறப்படும் எவரும் முதலில் போய் நிற்கும் இடம் கொலோனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் பரிசோதனை) அறையின் வாசல்தான். யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை உறுதியாகச் சொல்வது அந்தப் பரிசோதனை என்பதால் அது இயல்பானதே. ஆனால் அந்த வாசலில் காத்திருப்பவர், முந்தைய நாளிலிருந்து பத்தியம் இருந்து, லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடித்து, இரவெல்லாம் கழிப்பறைக்கு நடந்து, வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மாதிரியில் நாம் அளப்பது நோயையா, அந்த இரவையா என்பதே இந்த வழிகாட்டியின் பொருள்.

மாதிரி எடுக்கும் செவிலியர்கள், ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள், முதுநிலை மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு படிகளைத் தாளில் முடிக்காமல் குழாயைக் கையில் எடுத்தவர்கள் திரும்பி வந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1. ஒப்பிடப்படும் இரு குழுவும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கட்டம் வரையுங்கள். ஒன்றில் நோயுள்ளவர்களை எங்கே, எப்போது சந்திக்கப் போகிறீர்கள் என்றும், மற்றொன்றில் நோயற்றவர்களை எங்கே, எப்போது சந்திக்கப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். இரண்டு கட்டத்திலும் ஒரே இடமும் ஒரே நேரமும் இல்லையென்றால், ஆய்வு அங்கேயே சாய்ந்துவிட்டது என்று பொருள்.

நான் முதன்முதலில் பங்கேற்ற ஒரு சிறு ஆய்வில் இதுதான் நடந்தது. புற்றுநோய் உறுதியானவர்களின் மூச்சை அறுவை சிகிச்சைக்கு முன் வார்டில், வழக்கமான உணவு உண்டுகொண்டிருந்த நாட்களில் எடுத்தோம். நோயற்றவர்களின் மூச்சைக் கொலோனோஸ்கோபி நாளின் காலையில் எடுத்தோம். வரைபடத்தில் இரு குழுவும் இரண்டு தீவுகளைப் போலத் தனித்தனியாக நின்றன. நாங்களும் ஒரு வாரம் மகிழ்ந்திருந்தோம். பிறகு எந்தெந்த முகடுகள் (கருவியின் வரைகோட்டில் ஒவ்வொரு சேர்மமும் காட்டும் உயர்ச்சி) அவர்களைப் பிரித்தன என்று பார்த்தபோது, முன்வரிசையில் அசிட்டோனும் லிமோனீனும் இருந்தன. அசிட்டோன் பட்டினியின் அடையாளம். லிமோனீன் எலுமிச்சை மணமூட்டிய பேதிப் பொடியிலிருந்து வந்தது. எங்கள் கணினி புற்றுநோயைக் கண்டுபிடிக்கவில்லை. யார் பொடி கரைத்துக் குடித்தார் என்பதைக் கண்டுபிடித்திருந்தது.

இந்தப் பிழையை எண்ணிக்கையைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. 40 பேரிடம் எடுத்தாலும் 400 பேரிடம் எடுத்தாலும், ஒரு குழு முழுவதும் மருந்து குடித்தவர்களாகவும் மற்றது முழுவதும் குடிக்காதவர்களாகவும் இருந்தால், நோயின் விளைவையும் மருந்தின் விளைவையும் எந்தப் புள்ளியியல் முறையாலும் பிரிக்க இயலாது. ஆகவேதான் இது முதல் படி.

2. ‘குடல் சுத்திகரிப்பு’ என்ற ஒரு சொல்லைப் பல காரணிகளாகப் பிரித்து எழுதுங்கள்

புதியவர்கள் படிவத்தில் ‘குடல் சுத்திகரிப்பு: ஆம் / இல்லை’ என்று ஒரே வரி வைக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஏழு காரணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு சேர்மத்தைத் தொடுகிறது.

பத்திய உணவு முதலாவது. நார்ச்சத்துக் குறைந்த உணவைப் பரிசோதனைக்கு முந்தைய நாளாவது உண்ண வேண்டும் என்பது வழக்கம்; சில மருத்துவமனைகள் இரண்டு மூன்று நாள் சொல்வதுண்டு. கீரை, பருப்பு, பழத்தோல், முழுத்தானியம் நின்றவுடன் பெருங்குடல் பாக்டீரியாவுக்கு நொதிக்கக் கிடைப்பது குறைகிறது. அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களான குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் ஹைட்ரஜனும் இந்த நொதித்தலிலிருந்தே வருகின்றன. அதாவது, மருந்தின் முதல் மடக்கைக் குடிப்பதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது பட்டினி. உணவு நின்று உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்போது கீட்டோன்கள் உருவாகின்றன. அவற்றில் ஒன்றான அசிட்டோன் மூச்சில் வெளியேறுகிறது. காலைப் பட்டியலில் இருப்பவரும் பிற்பகல் பட்டியலில் இருப்பவரும் ஒரே அளவு பட்டினி இருப்பதில்லை. சர்க்கரை நோயாளிக்கு இது இன்னும் சிக்கலானது. அன்று காலை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்களா, இளநீரோ குளுக்கோஸோ குடித்தாரா என்பவை எல்லாம் அசிட்டோனை ஏற்றி இறக்கும்.

மூன்றாவது மருந்தின் வகை. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் பெரிய மூலக்கூறுகளால் ஆனது. குடல் அதை உறிஞ்சுவதில்லை, பாக்டீரியா அதை நொதிப்பதுமில்லை. உள்ளே இருப்பதை அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அதே கரைசலின் பல வகைகளில் சோடியம் சல்பேட்டும் இருக்கும். சல்பேட்டை ஒடுக்கும் (அதிலிருந்து ஆக்சிஜனை நீக்கும்) பாக்டீரியாக்கள் குடலில் உண்டு, அவற்றின் விளைபொருள் ஹைட்ரஜன் சல்பைடு. ஆகவே கந்தகச் சேர்மங்களை ஆராய்பவர்கள் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்காமல் விடக்கூடாது. சோடியம் பிக்கோசல்பேட்டோ வேறு வகை: பெருங்குடல் பாக்டீரியாவே அதை உடைத்துச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. மானிட்டால், லாக்டுலோஸ் போன்ற சர்க்கரை வகைகள் முற்றிலும் எதிர்த் திசையில் போகின்றன: அவை நன்றாக நொதித்து ஹைட்ரஜனைப் பெருக்குகின்றன. மானிட்டால் கொடுத்துவிட்டுக் குடலுக்குள் மின்சூட்டுக் கருவியைப் பயன்படுத்தியபோது வாயு வெடித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருப்பதால்தான் அந்த வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ‘பேதி மருந்து’ என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் இவற்றில் ஒன்று வாயுவைக் குறைக்கிறது, மற்றொன்று கூட்டுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவது மணமும் சுவையும். எலுமிச்சை, ஆரஞ்சு மணத்தில் லிமோனீன் போன்ற டெர்பீன்கள் உண்டு. உவட்டலை அடக்க நோயாளி வாயில் போட்டுக்கொள்ளும் புதினா மிட்டாயில் மென்தால் உண்டு. இவை கருவிக்கு மிகத் தெளிவாகத் தெரியும் சேர்மங்கள். அவற்றின் முகடு பக்கத்தில் இருக்கும் சிறிய முகடுகளை மறைத்துவிடும்.

ஐந்தாவது நீர். 2 லிட்டர் முதல் 4 லிட்டர் வரை குடித்து, அதில் பெரும்பகுதியைக் குடல் வழியாக இழந்தவரின் சிறுநீர் ஒருவரிடம் தண்ணீர் போலவும் மற்றவரிடம் கடும் மஞ்சளாகவும் இருக்கும்.

ஆறாவது உடன் கொடுக்கும் மருந்துகள்: நுரையைக் குறைக்கும் சிமெத்திகோன், வாந்தியைத் தடுக்கும் மாத்திரை, குடலைத் தூண்டும் பிசகோடில். சிமெத்திகோன் சிலிக்கோன் வகையைச் சேர்ந்தது. கருவியில் சேர்மங்களைப் பிரிக்கும் நிரல் என்ற நுண்குழாயிலிருந்தே கசியும் சிலாக்சேன் (சிலிக்கோன் வகைச் சேர்மம்) முகடுகளோடு அது குழம்பக்கூடும் என்பதால், சிலாக்சேன் எதையும் நோய் அடையாளமாகக் கொள்ள வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

ஏழாவது, பெரும்பாலோர் மறந்துபோவது: தூக்கமின்மையும் நடையும். மூச்சில் உள்ள ஐசோப்பிரீன் உடல் அசைவுக்கு உடனே எதிர்வினை காட்டும் சேர்மம். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நடக்கத் தொடங்கிய ஓரிரு நிமிடத்திலேயே அது சட்டென உயர்ந்து பின்பு இறங்குகிறது. கழிப்பறையிலிருந்து அவசரமாக வந்து நாற்காலியில் அமர்ந்தவரிடம் உடனே குழாயை நீட்டினால், நீங்கள் அளப்பது அவர் நடந்த தூரத்தை.

இவை அனைத்துக்கும் மேலாகப் பாக்டீரியாவின் இழப்பு இருக்கிறது. ‘கட்’ என்னும் இரைப்பைக் குடலியல் இதழில் 2015-ல் வெளியான, நலமுள்ள 23 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில், சுத்திகரிப்புக்குப் பின் மொத்த பாக்டீரியா அளவு 31 மடங்கு குறைந்தது. 22 விழுக்காட்டினரிடம் அவரவருக்கே உரிய நுண்ணுயிர்க் கலவை அடையாளம் தெரியாமல் போனது. ஏறத்தாழ 14 நாட்களில் நிலைமை பெரும்பாலும் பழையபடி திரும்பியது. கரைசலை ஒரே தடவையில் குடித்தவர்களைவிட இரண்டு தவணையாகக் குடித்தவர்களிடம் பாதிப்புக் குறைவாகவும் மீட்சி விரைவாகவும் இருந்தன. ஆவியாகும் சேர்மங்களில் கணிசமான பகுதி இந்த நுண்ணுயிர்களின் வேலை என்பதால், இந்த எண்களை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. மாதிரிக்கான நாளைப் பத்தியத்துக்கு முன்னால் வையுங்கள்

மேலே சொன்னவற்றிலிருந்து கிடைக்கும் விதி ஒன்றுதான்: மாதிரி, மருந்துக்கு முன்பு மட்டுமல்லாமல், பத்தியம் தொடங்குவதற்கும் முன்பு எடுக்கப்பட வேண்டும்.

நடைமுறையில் இதற்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு. மூச்சு மாதிரியைக் கொலோனோஸ்கோபிக்கு நாள் குறிக்கும் புறநோயாளர் வருகையின்போதே எடுத்துவிடலாம். சிறுநீருக்கும் மலத்துக்கும் அதே வருகையில் ஒரு பையைக் கொடுத்து, பத்தியம் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள் எடுத்துத் தரச் சொல்லலாம். மலத்தில் மறைந்த இரத்தம், கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) ஆகிய சோதனைகளுக்கும் பேதி மருந்துக்கு முன்பே மலம் எடுப்பதுதான் முறை என்பதால், அந்த மாதிரியோடு நம்முடையதையும் சேர்த்துக் கேட்டால் நோயாளிக்குக் கூடுதல் தொல்லை இல்லை.

‘பரிசோதனை முடிந்து இரண்டு வாரம் கழித்து எடுக்கலாமே, பாக்டீரியாதான் திரும்பிவிடுகின்றனவே’ என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். பாக்டீரியா திரும்பலாம், ஆனால் பரிசோதனையின்போது பாலிப்பை (குடற்சுவரில் வளரும் சிறு கட்டியை) வெட்டி எடுத்திருந்தால், நாம் தேடிய பொருளே அங்கில்லை. குடல் அழற்சி இருந்தவருக்கு அதற்குள் சிகிச்சை தொடங்கியிருக்கும். பின்னால் எடுப்பது முன்னால் எடுப்பதற்கு ஈடாகாது.

ஒரு எச்சரிக்கை: ஆய்வின் வசதிக்காகப் பத்தியத்தையோ மருந்தையோ தள்ளிப்போடவும் குறைக்கவும் யாரிடமும் சொல்லக்கூடாது. குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் பாலிப்பு கண்ணில் படாமல் போகும். நம் மாதிரிக்காக ஒருவரின் நோய் தவறவிடப்படக்கூடாது.

4. முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டியவை

மூச்சு மாதிரிக்கு டீனாக்ஸ் (சேர்மங்களைப் பிடித்துவைக்கும் பொருள்) நிரப்பிய எஃகுக் குழாய்களைப் பயன்படுத்துவதாக இருந்தால், அவற்றை மந்த வாயு ஓட்டத்தில் சூடாக்கிச் சுத்தம் செய்து, இரு முனையும் மூடி, வரிசை எண் குறித்து வைத்திருக்க வேண்டும். காலையில் அவசரமாகச் செய்கிற வேலை அல்ல இது. முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும். பைகளைப் பயன்படுத்துவோர், டெட்லார் என்னும் பிளாஸ்டிக் பையிலிருந்தே ஃபீனாலும் டைமெத்தில் அசிட்டமைடும் கசியும் என்பதை அறிந்திருக்க வேண்டும். பையை முன்பே தூய நைட்ரஜனால் இரண்டு மூன்று முறை நிரப்பிக் காலிசெய்து, மாதிரி நிரப்பிய சில மணி நேரத்துக்குள் குழாய்க்கு மாற்றிவிடுவது நல்லது.

இவற்றோடு ஒவ்வொரு நாளும் இரண்டு வெற்று மாதிரிகள் வேண்டும்: ஒன்று, நோயாளி உட்காரும் அதே அறையின் காற்று, மற்றது, திறக்கப்படாமலேயே கூட வந்து கூடப் போகும் குழாய். எண்டோஸ்கோபிப் (குழாய்க் கேமராப் பரிசோதனை) பகுதியின் காற்றில் கருவி கழுவும் கிருமிநாசினியின் ஆவியும் கைகழுவும் சாராயமும் எப்போதும் மிதக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கைத்தேய்ப்பு வாய்ப்பாடுகளில் ஒன்றில் 80 விழுக்காடு எத்தனாலும் மற்றொன்றில் 75 விழுக்காடு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் இருக்கின்றன. கையில் தேய்த்த கையோடு குழாயைப் பிடித்த செவிலியரின் விரலிலிருந்து அந்த முகடு வரும்; நோயாளியின் குடலிலிருந்து அல்ல. கையைத் தேய்த்து, முழுவதும் உலரவிட்டு, அதன்பின் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

5. மூச்சு எடுக்கும் வரிசை

முதலில் நோயாளியை உட்கார வையுங்கள். குறைந்தது 15 நிமிடம் அவர் அதே நாற்காலியில் இருக்க வேண்டும்; காரணம் ஐசோப்பிரீன் என்று முன்பே சொன்னேன். அந்த நேரத்தில்தான் ஒப்புதல் படிவமும் கேள்விகளும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மாதிரியை எடுத்துவிட்டுப் படிவத்தை நிரப்புகிறார்கள். அப்போது ஓய்வு நேரமும் கிடைப்பதில்லை, வந்தவர் புகை பிடித்துவிட்டு வந்தார் என்பதும் பிந்தியே தெரிகிறது.

பிறகு வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் வாங்கும் வாய் கழுவும் திரவம் கூடாது. அவற்றில் பலவற்றில் எத்தனாலும் மென்தாலும் இருக்கின்றன. வெற்றிலை, பாக்கு, ஏலக்காய், கிராம்பு போட்டிருந்தால் அன்று மூச்சு எடுக்க வேண்டாம். முந்தைய இரவு பூண்டு ரசமோ பூண்டுக் குழம்போ சாப்பிட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பூண்டிலிருந்து உருவாகும் அல்லைல் மெத்தில் சல்பைடு இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மறுநாளும் வெளிவரக்கூடியது, பல் துலக்கினாலும் போகாதது.

மூச்சை ஊதத் தொடங்கியதும் வரும் முதல் 150 மில்லிலிட்டர் அளவு, மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தேங்கியிருந்த காற்று. அது இரத்தத்தோடு தொடர்பு கொள்ளாதது. அதைக் கழித்துவிட்டுப் பின்பகுதியை மட்டுமே பிடியுங்கள். கரியமில வாயு அளவைக் காட்டும் கருவி இருந்தால் அதைப் பார்த்துப் பிடிக்கலாம். இல்லையென்றால், எல்லாரையும் ஒரே மாதிரி மெதுவாக முழுவதும் ஊதச் செய்து கடைசிப் பகுதியை எடுப்பது என்ற ஒரே முறையை மாற்றாமல் கடைப்பிடியுங்கள்.

மயக்க மருந்துக்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். அதில் ஒன்றான புரோப்போஃபால் மூச்சிலேயே அளக்கக்கூடிய அளவில் வெளியேறும் மருந்து.

6. சிறுநீரும் மலமும்

சிறுநீரில் செறிவை ஒப்புநிலைக்குக் கொண்டுவருவதே முதன்மையான வேலை. ஒவ்வொரு மாதிரியிலும் கிரியாட்டினினையோ (உடல் ஏறத்தாழச் சீராக வெளியேற்றும் கழிவுப்பொருள்) ஒப்படர்த்தியையோ அளந்து அதைக் கொண்டு சமன்செய்யுங்கள். இதைச் செய்யாத ஆய்வில், நீர் அதிகம் குடித்தவர் எல்லாச் சேர்மமும் குறைந்தவராகத் தோன்றுவார். அவரை நலமுள்ளவர் என்று கணினி எண்ணிக்கொள்ளும்.

மலத்தில் பிழை வேறு விதமாக நேர்கிறது. பேதியின் கடைசிக் கட்டத்தில் வெளியேறும் மஞ்சள் நீரை ‘மல மாதிரி’ என்று பெயரிட்டு உறைகுளிரில் வைத்த குப்பிகளை நான் கண்டிருக்கிறேன். அது கரைசலும் பித்தமும் குடற்சுவரின் சளியும் கலந்த நீர். கெட்டியான மலத்தோடு அதை ஒரே அட்டவணையில் வைக்க முடியாது. இண்டோல், பாரா-கிரெசால், டைமெத்தில் டைசல்பைடு போன்றவை புரதத்தைப் பாக்டீரியா உடைப்பதால் வருபவை. உடைக்கும் பாக்டீரியாவும் உடைபடும் பொருளும் கழுவப்பட்ட பின் அங்கே என்ன இருக்கும்?

மலத்தை வீட்டில் எடுப்பவருக்கு ஒரு சிறு தாள் எழுதிக் கொடுங்கள்: சிறுநீர் கலக்காமல், கழிப்பறைத் தண்ணீர் படாமல், பினாயில் தெளித்த இடத்தில் விழாமல் எடுக்க வேண்டும், மூடியை இறுக்கி உடனே குளிரில் வைத்து, எடுத்த மணியை எழுத வேண்டும். நொதித்தல் குப்பிக்குள்ளும் தொடர்வதால், அறை வெப்பத்தில் கிடந்த ஒவ்வொரு மணி நேரமும் மாதிரியை மாற்றுகிறது. ஆய்வகத்தில் அதைச் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 பாகையில் வையுங்கள். ஒவ்வொரு பங்கையும் ஒரு முறை மட்டுமே உருக்குங்கள். ஒரே பெரிய குப்பியை மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைப்பது வீட்டில் மீன் குழம்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது போல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மணம் போய்விடும்.

7. மருந்துக்குப் பின்தான் எடுக்க முடியும் என்றால்

எல்லா மருத்துவமனையிலும் முன்கூட்டிய வருகை அமையாது. வெளியூரிலிருந்து முதல் பேருந்தில் வந்து பரிசோதனை முடித்துத் திரும்புபவரை இன்னொரு நாள் வரச் சொல்வது நியாயமும் அல்ல. அப்போது கடைப்பிடிக்க வேண்டியவை இவை.

நோயுள்ளவர், நோயற்றவர் இருவரையும் அதே கொலோனோஸ்கோபி நாளில், அதே பட்டியலிலிருந்து, முடிவு தெரிவதற்கு முன்பே எடுங்கள். முன்பே புற்றுநோய் உறுதியானவரை வார்டிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டாம்.

மருந்தின் வகையையும் தவணை முறையையும் ஒன்றாக்குங்கள். பரிசோதனைக்கு முன் 5 மணி நேரத்துக்குள் கடைசித் தவணையைத் தொடங்கி, குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். இதைப் பின்பற்றும் பிரிவுகளில், மருந்து முடிந்த நேரத்துக்கும் மூச்சு எடுத்த நேரத்துக்கும் இடைவெளி ஓரளவு ஒத்திருக்கும். ஒரே பட்டியலில் சிலருக்கு பாலிஎத்திலீன் கிளைக்காலும் சிலருக்குப் பிக்கோசல்பேட்டும் கொடுக்கும் மருத்துவர்கள் இருந்தால், அவர்களோடு பேசி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். முடியாவிட்டால் இரண்டையும் தனித்தனியாகப் பகுத்தாய்வு செய்யுங்கள்.

இப்படி எடுத்த முடிவை ‘மருந்து குடித்தவர்களிடம் பொருந்தும் சோதனை’ என்று மட்டுமே சொல்லுங்கள். கொலோனோஸ்கோபி தேவையா என்று முன்கூட்டியே வடிகட்டுவதற்காகத்தான் மூச்சுச் சோதனையை உருவாக்குகிறோம்; வடிகட்டப்படும் நாளில் யாரும் பேதி மருந்து குடித்திருக்க மாட்டார்கள். இந்த முரண்பாட்டைக் கவனிக்காமலேயே கட்டுரையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு.

8. கேள்விகளைக் கேட்கும் விதம்

படிவம் நன்றாக இருந்தும் பதில்கள் பயனற்றுப் போவதுண்டு. காலை ஏழு மணிக்கு, மடியில் துண்டை வைத்துக்கொண்டு களைத்துப்போய் அமர்ந்திருந்த ஒரு பெரியவரிடம் புதிய உதவியாளர் ஒருவர், “வயிறு சுத்தமாயிடுச்சா ஐயா?” என்று கேட்டார். “ஆச்சுங்க” என்றார் அவர். படிவத்தில் ‘ஆம்’ என்று விழுந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, “ஐயா, பாட்டில்ல எவ்வளவு மிச்சம் வச்சீங்க?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, “பாதிக்கு மேல குடிக்க முடியலைங்க. பேரன்தான் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சர்க்கரை போட்டுக் கொடுத்தான்” என்றார். ஒரே பதிலில் குறைந்த அளவு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை என மூன்று தகவல்கள் வந்தன. முதல் கேள்வி மூன்றையும் மூடி வைத்திருந்தது.

ஆகவே ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத் தவிருங்கள். கடைசியாகத் திட உணவு உண்டது எத்தனை மணிக்கு, என்ன உணவு, எத்தனை தம்ளர் கரைசல் குடித்தீர்கள், கடைசித் தம்ளர் எத்தனை மணிக்கு, அதில் எதையாவது கலந்தீர்களா, வாந்தி எடுத்தீர்களா, இரவு எத்தனை முறை கழிப்பறை சென்றீர்கள், கடைசியாகப் புகை பிடித்தது எப்போது, கடந்த ஒரு மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்று எண்ணும் மணியும் வரும்படி கேளுங்கள். குடிக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டால் திட்டுவார்கள் என்று நோயாளிகள் அஞ்சுகிறார்கள். கேட்பவர் குரலில் குற்றச்சாட்டு இல்லாதிருப்பது மாதிரியின் தரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அந்தப் பெரியவர் பாதிதான் குடித்தார் என்பதை எண்டோஸ்கோபிச் செவிலியருக்கும் உடனே தெரிவித்தோம். அது ஆய்வுக்கு அப்பாற்பட்ட கடமை.

பரிசோதனை முடிந்தபின் குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று மருத்துவர் எழுதும் பாஸ்டன் அளவுகோல் மதிப்பையும் படிவத்தில் சேருங்கள். பெருங்குடலின் மூன்று பகுதிகளுக்கும் தலா 0 முதல் 3 வரை, மொத்தம் 9 மதிப்பெண். நோயாளி சொன்னதற்கும் குடல் காட்டியதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஒரு எண் வெளிப்படுத்திவிடும்.

9. பகுப்பாய்வில் மருந்தையே முதலில் தேடுங்கள்

தரவு கையில் வந்ததும் எல்லாரும் நோயைத் தேட ஓடுகிறார்கள். அதற்கு முன் ஒரு வேலை உண்டு.

முடிந்தால் தொடக்கத்திலேயே ஒரு சிறு இணை ஆய்வு செய்யுங்கள்: நோயற்ற அதே நபரிடம் பத்தியத்துக்கு முன் ஒரு மாதிரியும், மருந்து முடித்த காலையில் இன்னொன்றும். ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடுவதால் 20 பேரைக் கொண்டே பெரிய மாற்றங்கள் தெரிந்துவிடும். எந்தச் சேர்மங்கள் கூடின, எவை குறைந்தன என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டிவையுங்கள். நூற்றுக்கணக்கான சேர்மங்களை ஒரே நேரத்தில் சோதிப்பதால், தற்செயலாகவே சில வேறுபட்டதாகத் தோன்றும். பல சோதனைகளுக்கான திருத்தத்தைச் செய்யாமல் பட்டியலை நம்ப வேண்டாம்.

அடுத்து, நோயற்றவர்களை மட்டும் எடுத்து, அவர்களில் மருந்து குடித்தவர், குடிக்காதவர் என்று பிரிக்கும்படி கணினிக்குச் சொல்லுங்கள். அது எளிதாகப் பிரித்துவிட்டால், உங்கள் நோய் அடையாளப் பட்டியலையும் அது பயன்படுத்திய சேர்மங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர்கள் வந்தால், முதல் படிக்குத் திரும்புங்கள்.

மின்மூக்குக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் கட்டாயம். வாயு நிறப்பகுப்பும் நிறை நிறமாலையும் சேர்ந்த கருவி ‘இது லிமோனீன்’ என்று பெயரைச் சொல்லிவிடும். நாம் பிழையைப் பிடிக்கலாம். மின்மூக்கோ பல உணரிகளின் ஒட்டுமொத்தக் கோலத்தை மட்டுமே தரும். அதற்குள் எலுமிச்சை மணம் ஒளிந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது.

10. ஹைட்ரஜன் மூச்சுச் சோதனை: இங்கே விதி சற்று வேறு

ஆய்வுக்காக அல்லாமல், சிறுகுடலில் பாக்டீரியா மிகுந்திருக்கிறதா, பால் சர்க்கரை செரிக்கிறதா என்று அறிய அன்றாடம் செய்யப்படும் சோதனை இது. 75 கிராம் குளுக்கோஸோ 10 கிராம் லாக்டுலோஸோ கொடுத்து, 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் தொடக்க அளவைவிட 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவு) அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் பாக்டீரியா மிகுதி என்றும், எந்த நேரத்திலாவது மீத்தேன் 10 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் இருந்தால் மீத்தேன் மிகுதி என்றும் 2017-ல் வெளியான வட அமெரிக்க ஒருமித்த கருத்து சொல்கிறது.

இந்தச் சோதனை முழுவதும் பாக்டீரியா உயிரோடு இருந்து நொதிப்பதை நம்பியிருக்கிறது. கழுவப்பட்ட குடலில் வாயு உயராமல் போகலாம். ‘நோய் இல்லை’ என்ற தவறான முடிவு வரும். அதே ஒருமித்த கருத்தின்படி, ஆன்டிபயாடிக்கை 4 வாரத்துக்கு முன்பும் மலமிளக்கிகளைக் குறைந்தது 1 வாரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். முந்தைய நாள் நொதிக்கும் உணவுகளைத் தவிர்த்து, 8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். முந்தைய பிரிவுகளில் நாம் தவிர்க்கச் சொன்ன பத்தியமும் பட்டினியும் இங்கே தேவையாகின்றன என்பதைக் கவனியுங்கள்; இரண்டு சோதனைகளின் அறிவுறுத்தல் தாளை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். கொலோனோஸ்கோபிக்கான முழுச் சுத்திகரிப்பு சாதாரண மலமிளக்கியைவிடக் கடுமையானது என்பதால், அதன்பின் 2 முதல் 4 வாரம் வரை காத்திருக்கச் சொல்லும் ஆய்வகங்கள் பல உண்டு; நான் 4 வாரத்தையே சொல்வேன்.

ஒரே நோயாளிக்கு மூச்சுச் சோதனையும் கொலோனோஸ்கோபியும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால், மூச்சுச் சோதனையை முதலில் வைத்து, அது முடிந்தபின் பேதி மருந்தைத் தொடங்கும்படி நாள் குறித்தால் காத்திருக்க வேண்டிய தேவையே எழாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை போன்ற அறிகுறிகள் இருந்தால் மட்டும் இந்த வரிசையை வலியுறுத்த வேண்டாம். அவருக்குக் கொலோனோஸ்கோபிதான் முதலில்.